கடற்கரையில் எடுத்த ரத்தம், மதுரையில் ஓடும் மெஷின்: அடாப்டர் புரத ஆன்டிபாடிகளில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ராமநாதபுரம் மாவட்டத்தில் ரத்தம் எடுத்து, மதுரைக்குக் கொண்டுபோய் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்த்து எண்ணும் மெஷின்) ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் டவுனிலிருந்து கிளம்பினாலே 100 கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் என்றால் பாம்பன் பாலம் தாண்டி இன்னும் 50 கிலோமீட்டர் கூடும். சிடி3, சிடி4 என்று செல்லின் மேற்பரப்பிலுள்ள அடையாளப் புரதங்களை மட்டும் பார்ப்பதானால் இந்தத் தூரம் பெரிய விஷயமில்லை. செல்லுக்குள் இருக்கும் எஸ்எல்பி-76, லாட், பிளிங்க் போன்ற அடாப்டர் புரதங்களைப் பார்க்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கும்.

இந்தப் புரதங்கள் நொதிகள் இல்லை. ஏற்பியில் தொடங்கும் செய்தியைக் கடத்துகிற நொதிகளை ஓரிடத்தில் சேர்த்து நிறுத்திவைப்பதுதான் இவற்றின் வேலை. எஸ்எல்பி-76இன் மரபணு 1995இலும், லாட், பிளிங்க் இரண்டும் 1998இலும் அடையாளம் காணப்பட்டன. டி செல்லின் ஏற்பியைத் தூண்டியதும் ஜாப்-70 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி), லாட்டிலும் எஸ்எல்பி-76இலும் குறிப்பிட்ட டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பி செல்லில் அதே வேலையை சிக் என்ற கைனேஸ் பிளிங்க் மேல் செய்கிறது. பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பிடிக்கும் ஒளிரும் ஆன்டிபாடிகள் கடையில் கிடைக்கின்றன. எஸ்எல்பி-76இல் 128ஆவது டைரோசின், பிளிங்க்கில் 84ஆவது டைரோசின் ஆகியவற்றுக்கானவை அதிகம் புழங்குகின்றன. ஏறிய பாஸ்பேட் சில நிமிடங்களில் இறங்கியும் விடும். ஆகவே "ஆன்டிபாடி சரியில்லை" என்று சொல்லப்படும் குப்பிகளில் பெரும்பாலானவை நல்ல குப்பிகள்தான். ரத்தம் எடுத்ததற்கும் ஃபிக்ஸ் செய்ததற்கும் (ஃபார்மால்டிஹைடால் செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்துவது) நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் சாட்சி செல்லைப் பாருங்கள்

ஒவ்வொரு ரத்த மாதிரியிலும் அந்தப் புரதம் இருக்க வேண்டிய செல்லும் இருக்கக் கூடாத செல்லும் சேர்ந்தே இருக்கின்றன. தனியாக கன்ட்ரோல் தேடுவதற்கு முன்னால் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எஸ்எல்பி-76 டி செல், என்கே செல், மோனோசைட், நியூட்ரோஃபில், தட்டணு எல்லாவற்றிலும் உண்டு. முதிர்ந்த பி செல்லில் இல்லை. லாட் டி செல், என்கே செல், தட்டணுவில் உண்டு, பி செல்லில் இருக்கக் கூடாது. பிளிங்க் இதற்கு நேர் எதிர்: பி செல்லில் நிறைய, டி செல்லில் கிடையாது. ஆகவே எந்தப் பேனலிலும் (ஒரு டியூபில் சேர்த்துப் போடும் ஆன்டிபாடித் தொகுப்பு) டி செல்லுக்கு ஒரு மார்க்கர், பி செல்லுக்கு ஒரு மார்க்கர் கட்டாயம் போடுங்கள். பி செல்லில் எஸ்எல்பி-76 மின்னினால் டி செல்லில் தெரியும் மின்னலையும் நம்பக் கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மோனோசைட்டில் எஸ்எல்பி-76 உண்மையிலேயே இருக்கிறது. அது மின்னுவதைப் பார்த்து "ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிவிட்டது" என்று முடிவுகட்டி, ஆன்டிபாடி அளவைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. மோனோசைட்டை இதில் சாட்சியாக எடுக்க முடியாது.

தூண்டிய டியூபும் தூண்டாத டியூபும் ஒரே மாதிரி இருக்கிறது

பாஸ்பேட் ஏறிய வடிவத்தைப் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடிகளில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். ஆன்டிபாடி வேலை செய்யவில்லையா, செல் வேலை செய்யவில்லையா என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். பெர்வனடேட் போட்ட டியூப் ஒன்று இருந்தால் போதும். சோடியம் ஆர்த்தோவனடேட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அப்போதைக்கப்போது கலந்து எடுப்பது அது. பாஸ்பேட்டைக் கழற்றுகிற டைரோசின் பாஸ்பட்டேஸ்களை முடக்கிவிடும் என்பதால் ஏற்பியைத் தொடாமலேயே பாஸ்பேட் குவியும். அந்த டியூப் மின்னினால் ஆன்டிபாடி, ஃபிக்ஸ், சவ்வுத் துளைப்பு (ஆன்டிபாடி உள்ளே போகச் செல்லின் சவ்வைத் திறப்பது) மூன்றுமே சரி, கோளாறு தூண்டலில். அதுவும் இருட்டாக இருந்தால் தூண்டலை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள்.

சிலர் பெர்வனடேட்டுக்குப் பதில் வெறும் ஹைட்ரஜன் பெராக்சைடை முழு ரத்தத்தில் ஊற்றிப் பார்த்து, இதுவும் வரவில்லை என்பார்கள். வராது. சிவப்பணுக்களில் கேட்டலேஸ் ஏராளம். நீங்கள் விடும் பெராக்சைடை வெள்ளணு பார்ப்பதற்குள் அது தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைத்துவிடும். டியூபில் நுரை பொங்குவது அதனால்தான். இந்தக் கன்ட்ரோலைச் சிவப்பணு நீக்கிக் கழுவிய செல்லில் செய்யுங்கள்.

சரி, தூண்டலில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. எங்கே?

நேரத்தைப் பாருங்கள். டி செல் ஏற்பியைத் தூண்டினால் எஸ்எல்பி-76இல் பாஸ்பேட் ஓரிரு நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போகும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெரும்பகுதி இறங்கியிருக்கும். சைட்டோகைன் சோதனை செய்து பழகிய கை, மணிக்கணக்கில் வைத்துவிட்டு வரும். இங்கே அது ஆகாது. தூண்டியைச் சேர்க்கும்போதே ஃபிக்ஸேட்டிவ் அளந்து பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும், ஸ்டாப்வாட்ச் ஓட வேண்டும். ஒருவர் தூண்டியை விட, இன்னொருவர் ஃபிக்ஸேட்டிவ் ஊற்றுவது நல்லது. பூஜ்ஜியம், 1, 3, 10 நிமிடம் என்று நான்கு டியூப் போட்டால் உச்சம் எங்கே என்று உங்கள் கையிலேயே தெரிந்துவிடும்.

சிடி3 ஆன்டிபாடியை மட்டும் விட்டிருந்தால் அது போதாது. ஏற்பிகளை நெருக்கிக் கொண்டுவர அதன் மேல் இரண்டாவதாக ஒரு குறுக்கிணைப்பி வேண்டும். பி செல்லை ஆன்டி-ஐஜிஎம் (பி செல்லின் ஏற்பியான ஐஜிஎம்மைப் பிடிக்கும் ஆன்டிபாடி) கொண்டு தூண்டுகிறீர்கள் என்றால் முழு ரத்தத்தில் செய்யாதீர்கள்: பிளாஸ்மாவில் மிதக்கும் ஐஜிஎம், நீங்கள் விட்டதைச் செல்லுக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்மாவைக் கழுவி எடுத்துவிட்டுத் தூண்டுங்கள். அதிலும் வால்பகுதி நீக்கிய ஆன்டிபாடியாக இருக்க வேண்டும். முழு ஐஜிஜி போட்டால் அதன் வால் பி செல்லின் எஃப்சி ஏற்பியில் உட்கார்ந்து செய்தியை அடக்கிவிடும்.

பிஎம்ஏ என்ற வேதிப்பொருளைப் போட்டுத் தூண்டியவர்களுக்கு எர்க் என்ற கைனேஸில் பாஸ்பேட் நன்றாக ஏறியிருக்கும், எஸ்எல்பி-76 அசையாது. அதில் கோளாறு ஒன்றும் இல்லை. பிஎம்ஏ, டைஅசைல்கிளிசரால் செய்யும் வேலையைத் தானே செய்து, அடாப்டர்களுக்குக் கீழே உள்ள கட்டத்தில் நேராக நுழைகிறது. மேலே இருக்கும் லாட்டுக்கும் எஸ்எல்பி-76க்கும் தகவலே போவதில்லை.

ரத்தம் எந்த டியூபில் வந்தது? ஊதா மூடி ஈடிடிஏ டியூப் என்றால் கால்சியம் முழுக்கக் கட்டுண்டு கிடக்கும். ரத்த எண்ணிக்கைக்கு அது சரி. சிக்னல் பார்ப்பதற்கு பச்சை மூடி ஹெப்பாரின் டியூபைக் கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லாமல் விட்டால் ஊதா மூடிதான் வரும், ஏனென்றால் அவர்கள் அன்றாடம் எடுப்பது அது.

ரத்தம் கொடுத்தவர் சாப்பிடும் மருந்தையும் கேளுங்கள். நாட்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றுக்கு டசாடினிப் எடுப்பவராக இருந்தால், எல்சிகே உட்பட எஸ்ஆர்சி வகைக் கைனேஸ்கள் அடங்கியிருக்கும். டி செல்லில் ஜாப்-70 விழித்தெழுவதற்கே எல்சிகே வேண்டும். அவர் ரத்தத்தில் சிக்னல் குறைவது மருந்து வேலை செய்வதைத்தான் காட்டுகிறது.

தூண்டிய டியூப் மட்டும் பிரமாதமாக மின்னுகிறது

புகாராக இது வருவதே இல்லை. மகிழ்ச்சியாகப் படம் அனுப்புவார்கள். ஆனால் என்னைக் கேட்டால் மேலே சொன்னதைவிட ஆபத்தானது இதுதான்.

நடப்பது இப்படி. சிடி3க்கு எதிரான எலி ஆன்டிபாடியைப் போடுகிறோம். அதைக் குறுக்கே இணைக்க, எலி ஐஜிஜியைப் பிடிக்கும் ஆட்டு ஆன்டிபாடியைப் போடுகிறோம். அந்த ஆட்டு ஆன்டிபாடிக்கு இரண்டு கை. ஒன்று சிடி3 ஆன்டிபாடியைப் பிடித்திருந்தாலும் மற்றது பல நேரங்களில் காலியாக இருக்கும். ஃபிக்ஸ் செய்த பிறகும் அந்தக் காலிக் கை வேலை செய்யும். அப்புறம் பாஸ்போ எஸ்எல்பி-76க்கு நாம் விடுகிற ஒளிரும் ஆன்டிபாடியும் எலியில் செய்ததுதான். காலிக் கை அதைச் செல்லின் மேற்பரப்பிலேயே பிடித்து நிறுத்திவிடும். தூண்டிய டியூபில் மட்டும், டி செல்லில் மட்டும், அழகான மின்னல். ஆனால் பாஸ்பேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். பி செல் சாட்சியும் இங்கே உதவாது, பி செல்லில் சிடி3 இல்லை.

கண்டுபிடிக்கும் வழி: தூண்டிய செல்லில், அதே ஒளிச்சாயம் ஏற்றிய, எதையும் குறிவைக்காத எலி ஐஜிஜி1 ஐசோடைப்பைப் போட்டுப் பாருங்கள். அதுவும் டி செல்லில் மின்னினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தூண்டாத செல்லில் ஐசோடைப் போட்டால் இது தெரியாது, ஆனால் எல்லோரும் அங்கேதான் போடுகிறார்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. ஃபிக்ஸ் செய்து கழுவிய பிறகு, ஒளிரும் ஆன்டிபாடிக்கு முன்னால் சாதாரண எலி சீரத்தைத் தாராளமாக விட்டுக் காலிக் கைகளை நிரப்புவது ஒன்று. பயோட்டின் ஏற்றிய சிடி3 ஆன்டிபாடியை அவிடினால் குறுக்கிணைப்பது இன்னொன்று. நான் இரண்டாவதையே சிபாரிசு செய்வேன், எலி பிடிக்கும் கை என்ற பேச்சே அதில் இல்லை. ஒரே நிபந்தனை, பேனலில் வேறு எங்கும் பயோட்டின், ஸ்ட்ரெப்டவிடின் இருக்கக் கூடாது.

தூண்டாத டியூபே மின்னுகிறது

மதுரை போகிற வண்டிக்குள்ளே என்ன நடந்தது என்று கேளுங்கள். மே மாதத்தில் நிறுத்திவைத்த காரின் உள்ளே எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குலுங்கிய ரத்தத்தில் தட்டணுக்கள் கிளர்ந்தெழும், அவற்றில் எஸ்எல்பி-76உம் லாட்டும் உண்டு, அவை போய் மோனோசைட்டிலும் லிம்ஃபோசைட்டிலும் ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதை ஒரே செல்லாகத்தான் எண்ணும். தட்டணுவின் அடையாளமான சிடி41 அல்லது சிடி61 சேர்த்துத் தட்டணு ஒட்டிய செல்களை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். பி செல்லில் கொஞ்சம் மட்டும் லாட் மின்னுகிறது என்றாலும் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கரையில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ரத்தத்தை வைப்பது. வேண்டாம். குளிர்ந்தால் தட்டணு கிளர்ந்தெழும், ஐஸ் நேரே பட்டால் சிவப்பணு உடையும், குளிரில் இருந்து வந்த டி செல் தூண்டலுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாது. பெட்டி வேண்டும், ஐஸ் வேண்டாம்: 20இலிருந்து 25 டிகிரிக்குள் நிற்கும்படி வைத்தால் போதும். நெறிமுறையில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருப்பதும் இந்த 20–25தான். கீழக்கரையில் ஏசி இல்லாத அறையின் சித்திரை மாத வெப்பநிலை அல்ல. லேபுக்கு வந்த பிறகு 37 டிகிரியில் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டுத் தூண்டுங்கள்.

இதைவிட நல்ல வழி, தூண்டுவதையும் ஃபிக்ஸ் செய்வதையும் ரத்தம் எடுத்த ஊரிலேயே முடித்துவிடுவது. அதற்கு வேண்டியது ஒரு வாட்டர் பாத், ஒரு சின்ன சென்ட்ரிஃப்யூஜ், ஒரு ஸ்டாப்வாட்ச். ஃபிக்ஸ் செய்து, கழுவி, சவ்வைத் திறக்கும் குளிர்ந்த மெத்தனாலில் வைத்துவிட்டால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரியில் வாரக்கணக்கில் தாங்கும். மெத்தனாலுக்குள் போன பிறகு அந்த ஐஸ் பெட்டியைத் தாராளமாக எடுங்கள். மெத்தனால் விஷம், தீப்பிடிக்கவும் செய்யும், பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள்.

எல்லா செல்லும் மின்னுகிறது, பி செல்லும் சேர்த்து

பெரும்பாலும் ஆன்டிபாடி அளவு கூடிவிட்டது. செல்லுக்குள் ஒட்டுவதற்கு இடம் நிறைய என்பதால், மேற்பரப்புக்குப் போடும் அளவு இங்கே அதிகம். பாதி பாதியாகக் குறைத்து ஆறேழு டியூப் போட்டு, டி செல்லுக்கும் பி செல்லுக்கும் இடையே இடைவெளி அதிகமாக இருக்கும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சமாக மின்னுகிற அளவு வேறு, இடைவெளி அதிகமுள்ள அளவு வேறு.

இறந்த செல்லும் எல்லாவற்றையும் உறிஞ்சும். அமைனில் ஒட்டும் வகை உயிர்-இறப்புச் சாயத்தை ஃபிக்ஸ் செய்வதற்கு முன், புரதம் கலக்காத பஃபரில் போடுங்கள். ஃபிக்ஸ் செய்த பிறகு போட்டால் எல்லா செல்லும் இறந்ததாகவே காட்டும்.

சிடி4 காணாமல் போய்விட்டது

மேற்பரப்பு ஆன்டிபாடியை முதலிலேயே போட்டு, பிறகு மெத்தனாலில் முக்கினீர்களா? அது பிஇ அல்லது ஏபிசி சாயமா? அப்படியென்றால் சிடி4 செல்லில் இருக்கிறது, சாயம்தான் செத்துவிட்டது.

பிஇ என்பது ஃபைக்கோஎரித்ரின். சிவப்புப் பாசிகளுக்கு நிறம் கொடுக்கும் புரதம். சின்னப்பாலத்துப் பெண்கள் தீவுப் பக்கம் முங்கி எடுத்துவரும் மரிக்கொழுந்திலும் கஞ்சிப்பாசியிலும் இருப்பது இந்தக் குடும்பத்து நிறமிதான். எடுத்த பாசியை மணலில் பரப்பிக் காயவைத்தால் செம்மை வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடுவதை மண்டபம் பக்கம் யாரும் பார்த்திருப்பார்கள். அது புரதம், மடிப்பு குலைந்தால் ஒளி போய்விடும். வெயில் கரையில் மெதுவாகச் செய்வதை மெத்தனால் டியூபுக்குள் சில நிமிடத்தில் செய்துவிடுகிறது. ஏபிசியும் இதே வகைப் புரதம், அதற்கும் இதே கதிதான். அலெக்சா ஃப்ளூர் 488, 647 போன்றவை சின்ன கரிம மூலக்கூறுகள், மெத்தனாலைத் தாங்கும். ஆகவே மெத்தனாலுக்கு முன் போடுவது அலெக்சா வகையாக இருக்கட்டும். பிஇ வேண்டுமென்றால் மெத்தனாலைக் கழுவி எடுத்த பிறகு போடுங்கள்.

பிறகு போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மெத்தனால் சில மேற்பரப்புப் புரதங்களின் வடிவத்தையே மாற்றிவிடும். பி செல்லின் அடையாளமான சிடி19 இதில் பேர்போனது. பி செல்லைப் பிடிக்க சிடி20இன் செல்லுக்குள் இருக்கும் பகுதியைக் குறிவைக்கும் குளோன் வாங்கினால் மெத்தனாலுக்குப் பிறகும் ஒட்டும்.

கரன்ட் போன அன்று பதறிப்போய் ஆன்டிபாடிக் குப்பிகளை ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். பிஇ, ஏபிசி குப்பி உறைந்தால் கெட்டது கெட்டதுதான். மூடிய ஃப்ரிட்ஜ் சில மணி நேரம் தாங்கும், கதவைத் திறந்து பார்க்காமல் இருந்தாலே போதும்.

பிஇ சேனலில் வரக் கூடாத வெளிச்சம்

பேனலில் பிஇ-சை7 இருக்கிறதா? அது இரண்டு சாயம் இணைந்த ஜோடி. வெளிச்சம், சூடு, ஃபிக்ஸேட்டிவில் நெடுநேரம் இருப்பது ஆகியவற்றால் இணைப்பு குலைந்தால் பிஇ தன் சொந்த நிறத்தில் ஒளிர ஆரம்பிக்கும். சை7 குறையும், பிஇ கூடும். காம்பென்சேஷனை (ஒரு சாயத்தின் வெளிச்சம் அடுத்த சேனலில் கசிவதைக் கழிக்கும் திருத்தம்) எவ்வளவு திருகினாலும் இது போகாது, ஏனென்றால் ஒவ்வொரு டியூபிலும் குலைந்த அளவு வேறு. ஜன்னல் ஓரம் வைத்த டியூபையும் அலுமினியத் தாளில் சுற்றிய டியூபையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாஸ்போ வேலைக்கு ஜோடிச் சாயங்களைத் தவிர்ப்பதே நிம்மதி.

சிவப்பு போகவில்லை

"அண்ணே, அம்மோனியம் குளோரைடு விட்டு இருபது நிமிஷம் ஆச்சு, இன்னும் ரத்தமாவே நிக்குது" என்று ஒரு தம்பி போன் செய்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, ஃபார்மால்டிஹைடு முன்னாடியே விட்டியா?" என்பதுதான். ஃபிக்ஸ் ஆன சிவப்பணுவின் சவ்வு இறுகிவிடும், அம்மோனியம் குளோரைடால் அதை வீங்கவைத்து உடைக்க முடியாது.

பாஸ்போ வேலையில் ஃபிக்ஸ்தான் முதலில் வந்தாக வேண்டும். அப்படியானால் சிவப்பணுவை நீக்க வேறு வழி வேண்டும். ரத்தத்தில் ஃபார்மால்டிஹைடு 4 சதவீதம் வரும்படி சேர்த்து 10 நிமிடம் வைத்து, பிறகு 0.1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 விட்டால், அது சிவப்பணுவையும் உடைக்கும், வெள்ளணுவின் சவ்வையும் திறந்துவிடும். ஃபிக்ஸையும் சிவப்பணு உடைப்பையும் ஒன்றாகச் செய்யும் பஃபரும் விற்கிறார்கள். அதை 37 டிகிரிக்குச் சூடாக்கி, ரத்தத்தைப்போல் 20 மடங்கு ஊற்ற வேண்டும். மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்தால் சிவப்பு நிற்கும்.

ஃபார்மால்டிஹைடு எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். மீன் மாதிரிகளை ஜாடியில் ஊறவைக்கும் ஃபார்மலின் இந்தக் கரையில் எல்லா ஆய்வகத்திலும் கேன் கேனாக இருக்கும். அதில் கெட்டியாகாமலிருக்க 10இலிருந்து 15 சதவீதம் மெத்தனால் கலந்திருக்கும், நாள்பட்டால் ஃபார்மிக் அமிலமும் சேரும். உங்களுக்குத் தெரியாமலே மெத்தனால் பட்டு பிஇ போகும்; அமிலம் பட்டால் எஃப்ஐடிசி சாயம் மங்கும், ஏனென்றால் காரஅமிலத்தன்மை 7க்குக் கீழே இறங்க இறங்க அதன் ஒளி குறையும். மெத்தனால் இல்லாத 16 சதவீத ஆம்ப்யூல்களை வாங்குங்கள், உடைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

படத்தின் அடிமூலையில் தூசுக் கூட்டம்

தண்ணீர். இந்த மாவட்டத்தில் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு, கால்சியமும் அதிகம். அந்தத் தண்ணீரை ஒரே ஒரு ஆர்.ஓ. வழியாக விட்டு பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) கலக்கினால், பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் படியும். மெஷின் அதையும் துகளாகத்தான் எண்ணும். பாட்டிலை இரவு வைத்துவிட்டுக் காலையில் வெளிச்சத்துக்கு எதிரே லேசாகச் சுழற்றிப் பாருங்கள். அடியிலிருந்து புகை மாதிரி எழும்பினால் அந்த பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். இரட்டை வடி நீரில் கலக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு எடுங்கள். வெறும் பிபிஎஸ்ஸை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து எத்தனை துகள் என்று குறித்துக்கொள்வதும் நல்ல பழக்கம்.

செல் கட்டிதட்டி மெஷின் அடைக்கிறது

அடியில் படிந்த செல்லின் மேல் மெத்தனாலை நேராக ஊற்றியிருப்பீர்கள். முதலில் படிவை நன்றாகக் கலைத்துவிட்டு, வோர்டெக்ஸ் ஓடும்போதே சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஓட்டுவதற்கு முன் 40 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள்.

வழக்கமான கேட்டுக்குள் லிம்ஃபோசைட்டே இல்லை

மெத்தனால் செல்லைச் சுருக்கிவிடும். செல்லின் பருமனையும் உள்ளமைப்பையும் காட்டும் சிதறல் படத்தில் எல்லாமே இடம் மாறும், அதில் செல்களைத் தேர்ந்தெடுக்க வரையும் எல்லையான கேட்டும் பொருந்தாமல் போகும். சாதாரண நோயெதிர்ப்புப் பேனலுக்கு வைத்த வோல்டேஜை அப்படியே வைத்துக்கொண்டு தேடாதீர்கள். முன்சிதறலுக்கு வோல்டேஜை ஏற்றி, சிடி3ஐ வைத்து டி செல்லைப் பிடித்து, அது எங்கே விழுகிறது என்று பார்த்துக் கேட் போடுங்கள். சப்போனின் வைத்துத் துளைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் சப்போனின் போட்ட துளை திரும்ப மூடிக்கொள்ளும். கழுவும் பஃபரிலும் அதைச் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் வந்த எண் இந்த வாரம் வரவில்லை

ஒரே நாளில், ஒரே கையால் சாயம் போட்ட டியூப்களை மட்டுமே ஒப்பிடுங்கள் என்பதுதான் நேரான பதில். பாஸ்போ மின்னல் என்பது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம். நாளுக்கு நாள் வரும் ஆட்டமே அதை விழுங்கிவிடும். தொண்டியில் எடுத்ததையும் ஏர்வாடியில் எடுத்ததையும் தனித்தனியே மெத்தனாலில் சேர்த்து வைத்து, ஒரே நாளில் எடுத்துச் சாயம் போடுங்கள். இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் கிரட்சிக், நோலன் இருவரும் 2006இல் வெளியிட்ட பார்கோடு முறை இருக்கிறது: ஒவ்வொரு டியூபின் செல்லுக்கும் வெவ்வேறு அடர்த்தியில் ஒரு சாயத்தை ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே டியூபில் கொட்டி, ஆன்டிபாடியை ஒரே தடவை போடுவது. ஆன்டிபாடிச் செலவும் மிச்சம், டியூபுக்கு டியூப் வித்தியாசமும் இல்லை.

மெஷினை ஓட்டுகிறவரிடம் அன்றைய தர மணிகளின் (மெஷினைச் சோதிக்க ஓட்டும், ஒரே அளவில் மின்னும் மணிகள்) எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். லேசர் மங்கியதா, உங்கள் செல் மங்கியதா என்ற சண்டை அதிலேயே முடிந்துவிடும்.

கடல்விரால் ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை

மண்டபம் பக்கத்திலிருந்து அவ்வப்போது இந்தக் கேள்வியும் வரும். மனித சிடி3, சிடி19க்குச் செய்த ஆன்டிபாடிகள் மீனின் செல் மேற்பரப்பில் ஒட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மீனின் சிவப்பணுவுக்கு உட்கரு வேறு இருக்கிறது. அம்மோனியம் குளோரைடில் செல் உடைந்தாலும் உட்கரு அப்படியே மிதந்து, லிம்ஃபோசைட் கேட்டில் வந்து உட்காரும். உள்ளே இருக்கும் அடாப்டர் புரதத்துக்கு ஆன்டிபாடி வாங்குவதற்கு முன், அது பிடிக்கும் துண்டின் அமினோ அமில வரிசை மீனின் புரதத்தில் அப்படியே இருக்கிறதா என்று தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தாலும் நேரே ஃப்ளோவுக்குப் போகாதீர்கள். தலைச்சிறுநீரகச் செல்களை அரைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டி, எதிர்பார்த்த எடையில் ஒரே பட்டை வந்தால் மட்டும் மதுரைக்குக் கிளம்புங்கள்.